தாராவியில் பந்து விழுந்தால் சலாம்

என் மகள் மீராவுக்கு ஒன்பது வயது. பள்ளி விழாவில் வசனம் மறந்து நின்றபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பதில் தெரிந்தாலும் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. மும்பை தாராவியில் குழந்தைகளின் கூச்சம் போக சர்க்கஸ் வித்தை சொல்லித்தருவதாகத் தோழி சொன்னாள். சர்க்கஸுக்கும் கூச்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் போன சனிக்கிழமை கிளம்பிவிட்டோம்.

வாஷியில் மூன்றரை மணிக்கு ஹார்பர் லைன் ரயில். குர்லாவில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். டிக்கெட் பதினைந்து ரூபாய். குர்லாவில் நடைமேம்பாலம் ஏறி இறங்குவதே பாதி சர்க்கஸ். சயானிலிருந்து ஆட்டோ, மீட்டரில் முப்பது ரூபாய்க்குள்.

ஒரு மாடி அறையில் வகுப்பு. பயிற்சியாளர் பர்வீன், தாராவியிலேயே வளர்ந்த திருநெல்வேலிக்காரப் பெண். துணிப்பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கப் பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். பந்து விழுந்தால் இரண்டு கையையும் தூக்கிச் சலாம் போட வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். அதுதான் அங்கே விதி.

மீரா கதவை விட்டு நகரவில்லை. நான் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

"அவள விடுங்கக்கா. நீங்க வந்து எறிங்க" என்றார் பர்வீன்.

இரண்டாவது பந்தே விழுந்தது. பழக்க தோஷத்தில் "ஸாரி" என்றேன்.

"ஆண்ட்டி, ஸாரி நஹி சல்தா, இங்க ஸாரி செல்லாது. சலாம் போடுங்க" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்.

போட்டேன். கைதட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மறுபடி எறிந்தேன், மறுபடி விழுந்தது. ஒரு பந்து உருண்டு கதவருகே போனது. மீரா அதை எடுத்தாள்.

"அம்மா, நீ சலாமே ஒழுங்கா போடல" என்று உள்ளே வந்தாள். பந்தைத் தூக்கி எறிந்தாள், பிடிக்கவில்லை. கையை உயர்த்தி, தரையைத் தொடும் அளவு குனிந்தாள். அறை முழுக்கக் கைதட்டல். நானும் சேர்ந்து தட்டினேன்.

திங்கட்கிழமை வகுப்பில் மீரா கை தூக்கினாளாம். சொன்ன பதில் தப்பு. எழுந்து நின்று சலாம் போட்டிருக்கிறாள். டீச்சர் எனக்குப் போன் செய்து, வீட்டில் என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: வகுப்பு சனிக்கிழமை நாலரை மணிக்கு, கட்டணம் கிடையாது. ஆறரைக்குள் கிளம்பினால் குர்லா கூட்டத்தில் நசுங்காமல் வரலாம். குழந்தையை உள்ளே தள்ளாதீர்கள், முதலில் நீங்கள் போங்கள். புடவை வேண்டாம், நிறையக் குனிய வேண்டிவரும்.