மூன்று மேடுகள்

பேருந்தில் பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் இருக்கையில் யாரும் விரும்பி உட்கார மாட்டார்கள். அவருக்கு அதுதான் வேண்டும். பாலத்து இணைப்புகளில் வண்டி தடதடக்கும்போது, "இது ஆறு மில்லிமீட்டர் மேடு... இது எட்டு இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வருகிறார். பக்கத்து ஆள் மெல்ல நகர்ந்துகொள்கிறார்.

விமான நிலையத்தில் அவருக்குப் பெயர் மட்டக்கோல். ஓடுபாதையின் கான்கிரீட் பாளங்கள் சேரும் இடங்களில் மூன்று மீட்டர் கோலை வைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக் கையெழுத்திடுவது வேலை. ஆள் ஒல்லி, நடையே ஓட்டம்தான். தேநீரை நின்றுகொண்டே குடிப்பார், அதுவும் பாதி. வீட்டில் புதிதாகத் தரை போட்ட அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து குதிகாலால் தட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்த மனுஷன். இங்க எந்தப் பிளேனும் எறங்கப் போறதில்ல, உக்காருங்க" என்றாள் மனைவி. உட்கார்ந்தார். நாற்காலி லேசாக ஆடியது. எழுந்துவிட்டார்.

பத்தொன்பது வருடமாகத் தன் கையெழுத்தில் பிசகில்லை என்று அவருக்கு ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம். போன வாரம் அதற்கு வந்தது வினை. விமானி ஒருத்தி நேரே அவரைத் தேடி வந்து, "சார், வேகம் பிடிக்கிறப்போ நடுவுல ஒரு எடத்துல பிளேனோட மூக்கு எம்பி எம்பி விழுது. எதிர்ல இருக்கற மீட்டரைக்கூடப் படிக்க முடியல" என்றாள்.

கோலை எடுத்துக்கொண்டு ஓடினார். எல்லாம் அளவுக்குள். மறுபடி வைத்தார். அப்போதும் அளவுக்குள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் கோலைப் போட்டுவிட்டு, நில அளவைக் கருவியை இரவல் வாங்கி, அந்த அரைக் கிலோமீட்டரையும் ஒரே கோடாக அளந்தார். பாளங்கள் அங்கங்கே மெல்ல அமுங்கி, சம தூரத்தில் மூன்று நீண்ட மேடுகள் நின்றன. அத்தனை நீளத்துக்கு மூன்று மீட்டர் கோல் எங்கே எட்டும்!

"ஒவ்வொரு ஸ்லாப்பும் அளவுக்குள்ளதானே இருக்கு? அப்புறம் என்ன?" என்றார் தலைமைப் பொறியாளர், தன் அறையில் போன மாத அறிக்கையை மேசைமேல் விரித்து.

"ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளினா ஒண்ணுமில்ல சார். நேரம் பார்த்து மூணு தள்ளு தள்ளினா? முதல் மேடு மூக்கைத் தூக்குது. அது அமுங்கி மேல வர்ற நேரத்துக்குச் சரியா ரெண்டாவது. அப்புறம் மூணாவது. பாரம் ஏறிக்கிட்டே போகுது சார். முன் சக்கரத்துக் கால் ஒரு நாள் ஒடிஞ்சிடும்."

"போன மாசம் நல்லா இருக்குன்னு எழுதினது யாரு? நீங்கதான். ரன்வேயை மூடச் சொன்னா முதல் கேள்வி உங்களுக்குத்தான் வரும். வேலியில போற ஓணானை எடுத்து ஏன் மடியில விட்டுக்கறீங்க?"

பொய் சொல்வானேன், மட்டக்கோல் பயந்துதான் போனார். ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இடது கையால் தொலைபேசியை எடுத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் எண்ணை அழுத்தினார். அங்கே மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, வலது கையால் போன மாத அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, தன் கையெழுத்தின் மேல் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு கோடு போட்டார்.