சுயம்பு லாரியின் பின்விளக்கு

இன்ஸ்பெக்டரை ஏமாற்றத்தான் சுயம்பு விளக்கைச் சரி செய்தான் என்கிறவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும். குடித்துவிட்டு ஓட்டினான் என்பதும் பொய். அவன் என் தம்பி. அவன் பிரேக்கை மிதிக்க, லாரிக்குப் பின்னால் நின்று விளக்கைப் பார்த்துச் சொன்னவள் நான். வேறு யாருக்கு என்ன தெரியும்?

உலகச் சண்டைக்குப் போய்வந்த பழைய பட்டாளத்து லாரி அது. முதலாளி ஹபீபுல்லா சாயபு ஏலத்தில் எடுத்தது. எண்ணூர் உப்பளத்திலிருந்து ராயபுரத்துக்கு அதில் உப்பு ஏற்றுவான் சுயம்பு. ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் லாரிக்குப் பெயிண்ட் அடித்தோம். பின்விளக்கு உட்காரும் இரும்புத் தகட்டுக்குப் பச்சை பூசியவள் நான்தான். உப்புத் துரு ஏறக் கூடாதே என்று அழுத்தமாகவே பூசினேன். காய்ந்ததும் அவன் விளக்கை மாட்டினான்.

தினமும் கிளம்புமுன் பிரேக்கை மிதித்து என்னைக் கேட்பான். பூஜையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் அப்படித்தான் நிறுத்தப் போனான்.

"பழம் நசுங்கினப்புறம் பிரேக்கு போட்டா வெளங்குமாடா? நிக்காத, போ நைனா!"

"எரியுதான்னு ஒருவாட்டி பாத்துடுக்கா."

"நேத்து காலைல எரிஞ்சுதுல்ல? போடா!"

போனான். பொழுது சாயும் நேரம், திருவொற்றியூர் தேரடி கிட்டே மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்திருக்கிறான். பின்னால் சைக்கிளில் வந்த பாஸ்கர், எங்கள் தெருப் பிள்ளை, லாரி நிற்பது தெரியாமல் மோதினான். முழங்கால் நொறுங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சுயம்பு பல்பைக் கழற்றி பேட்டரியில் வைத்தான். எரிந்தது. பிரேக்கு சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தான்.

"இப்ப எரியுதாக்கா?"

"இல்லடா."

கம்பியையே புதிதாக இழுத்தான்.

"இப்ப?"

"இருட்டாத்தான்டா கீது."

கடைசியில் விளக்குக் கூட்டிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை லாரியின் வெறும் இரும்பில் தொட்டான். சட்டென்று சிவப்பு.

"கரண்டு இரும்பு வழியா திரும்பணும்க்கா. பெயிண்ட்டு மறைச்சிகினு கீது."

தகட்டைச் சுரண்டி விளக்கை முறுக்கிவிட்டான். பழுதைப் பழுதாக விட்டுவைக்க அவனுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வரும்வரை விட்டுவைத்திருக்கலாம். எனக்கும் அப்போது தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் விபத்தை விசாரிக்க வந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். விளக்கு ஜம்மென்று எரிந்தது.

"ஐயா, அன்னிக்கு எரியல. அப்புறம்தான் சரி பண்ணேன்," என்றான் சுயம்பு.

"பெயிண்ட்டு பூசுனது நான் சார்," என்றேன் நான்.

சிரித்தார். "எரியுற விளக்கை எரியலைன்னு எழுதச் சொல்றியாம்மா?"

சைக்கிள்காரன் பார்த்து வரவில்லை, தப்பு அவன் பேரில்தான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சுயம்பு அவர் ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தான். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

பாஸ்கரின் அம்மா பவுனம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"விளக்க எரிய வெச்சுட்ட. எம்புள்ள கால எவன்டா நடக்க வெப்பான்?"



மறுநாள் சாவியைச் சாயபுவிடம் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு சட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசற்படி இறங்கினான். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று தெருவுக்கே சொல்கிறவள் நான். அன்று கூப்பிட்டேன்.

"நில்லுடா சுயம்பு!"

நிற்கவில்லை.