நோயாளிக்கு விளங்கும் ஒரு பக்கம்

மருத்துவமனையில் கையில் திணிக்கும் தாளை வாசித்துத் தலை சுற்றிய நீங்கள், இதை எழுதிய ஆள் அகப்படமாட்டாரா என்று நினைத்திருப்பீர்கள். ஒஸ்லோவில் தமிழ்த் தாள்களுக்கு அந்த ஆள் நான்தான். எழுதுவதைவிடச் சோதிப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. மருத்துவர் சரிபார்க்க வேண்டும், நன்மையோடு தீமையையும் சொல்ல வேண்டும், கடைசியில் பொதுமக்கள் சிலர் வாசித்து, விளங்கியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசிப் படிக்குத்தான் எனக்கு இன்றைக்கும் பயம்.

எதிர்மறை

ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள ரொம்சோஸிலிருந்து, தாள் வாசித்துப் பார்க்கத் தேவசகாயம் அண்ணை வந்தார். மன்னார்க்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குடல் புற்றுநோய்க்காக மலத்தில் இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையின் தாளைக் கொடுத்தேன். "முடிவு எதிர்மறையாக இருந்தால்" என்ற வரியில் நின்றுவிட்டார்.

முன்பு அவருக்கும் அப்படி ஒரு கடிதம் வந்ததாம். எதிர்மறை என்றால் கெட்ட செய்திதான் என்று முடிவுகட்டி, மனைவிக்கும் சொல்லாமல் இரண்டு நாள் வீட்டுப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தியிருக்கிறார். மூன்றாம் நாள் தாதி ஒருவரைக் கேட்ட பிறகுதான் அது நல்ல செய்தி என்று தெரிந்ததாம். என்னிடம் கோபப்படாமல்தான் கேட்டார்: "தங்கச்சி, 'இரத்தம் தென்படேல்லை' எண்டு எழுதினால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

குளிசை

கவிதா கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர். "குளிசையை இடையில் நிறுத்த வேண்டாம்" என்று வாசித்துவிட்டு, தினமும் குளிக்கச் சொல்கிறோம் என்று விளங்கிக்கொண்டார். உடனே 'மாத்திரை' என்று மாற்றினேன். எங்கள் யாழ்ப்பாண ஆட்கள் இடறுவார்களோ என்ற பயத்தில், தாளோடு பக்கத்து நகரமான திராமனில் தமிழர் கூடும் தேவாலய மண்டபத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "மாத்திரை விளங்காமலோ? பின்னேரம் முழுக்க இந்திய நாடகம்தானே பாக்கிறம்."

எடுக்கச் சொன்ன வரி

இரத்த அழுத்த மாத்திரைத் தாளில், உதடோ நாக்கோ வீங்கினால் உடனே அம்புலன்ஸை அழையுங்கள் என்று ஒரு வரி. சரிபார்த்த மருத்துவர், அது மிக அரிது, ஆட்கள் பயந்து மருந்தையே விட்டுவிடுவார்கள், எடுத்துவிடுங்கள் என்றார். நான் முடியாது என்றேன். எவ்வளவு அரிது என்பதையும் சேர்த்து எழுதுவோம், மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்றும் போடுவோம் என்றபோது, அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

சில மாதம் கழித்து, அந்த மாத்திரை எடுத்துவந்த ஒரு பெண்ணுக்குக் காலைச் சாப்பாட்டின்போது நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த எங்கள் தாளில் அந்த வரியை விரலால் தொட்டுக் கணவருக்குக் காட்டியிருக்கிறார். அம்புலன்ஸ் வந்தது, பிழைத்துக்கொண்டார். இதை எனக்குச் சொல்ல இரண்டு மாடி ஏறி வந்ததே அந்த மருத்துவர்தான். சந்தோசத்தில் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவர் நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "அந்த வரியை இன்னும் பெரிய எழுத்தில் போடுங்கள்."

இப்படி மாதக்கணக்காக மண்டையை உடைத்து எழுதிய பக்கத்தை ஒருவர் வாசித்துவிட்டு, "இதிலை என்ன கிடக்கு, எல்லாம் தெரிஞ்ச விசயம்தானே" என்று தூக்கி வைத்தால், அது தேறிவிட்டது என்று நாங்கள் கேக் வெட்டுகிறோம்.