மண்டிக்காரரின் ஈறு

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் நோயியல் பிரிவில் நான் பயிற்சி டாக்டர். வெட்டியெடுத்த சதையை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்வது எங்கள் வேலை.

ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மண்டி வைத்திருந்த ஒருவரின் ஈறிலிருந்து எடுத்த கட்டி வந்தது. பின்னாலேயே அவரும் வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர், பெரிய மீசை. தொட்டாலே ரத்தம் கொட்டிய கட்டி என்பதால் புற்று என்று தானே தீர்மானித்து, மண்டிச் சாவியை மச்சினனிடம் ஒப்படைத்திருந்தார். ரிசல்ட் வர நாளாகும் என்று சொல்லியும் கேட்காமல், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தினமும் எங்கள் அரைக்கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்லைடைப் பார்த்ததும் எனக்கும் புற்றுதானோ என்று தோன்றியது. எங்கு பார்த்தாலும் ரத்தக்குழாய்கள். பிளந்து பெருகும் செல்கள் வேறு. ஆனால் நிதானமாகப் பார்த்தபோது ஒழுங்கு தெரிந்தது. நுண்குழாய்கள் கொத்துக் கொத்தாகக் கூடியிருந்தன. ஒவ்வொரு குழாயின் உட்சுவரிலும் செல்கள் ஒரே வரிசையாக, ஒரே அளவாக நின்றன. மேல்தோல் மட்டும் புண்ணாகியிருந்தது. எதுவோ உறுத்தியதற்கு உடம்பு அளவுக்கு மீறி வைத்தியம் செய்துகொண்ட சதை, அவ்வளவுதான்.

சந்தேகம் தீரப் புரொபசரைக் கூப்பிட்டேன். அவர் நோயாளியின் பெயரைப் பார்க்காமல் லென்ஸில் கண்ணை வைத்தார். நல்ல உரத்த குரல் அவருக்கு.

"இது கர்ப்பிணிகளுக்கு வருந்நதல்லே. பேடிக்க வேண்டா, பிரசவம் கழிஞ்ஞால் போகும்."

கர்ப்பிணிகளுக்கு வருவதுதானே, பயப்பட வேண்டாம், பிரசவமானால் போய்விடும் என்கிறார். நோயாளி மிளகாய் வியாபாரி என்றேன். அவர் மறுபடி பார்த்தார். ஆணுக்கும் வரும், இரண்டுக்கும் ஸ்லைடில் வித்தியாசம் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரைக்கதவுக்கு மேல் மீசை தெரிந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், கட்டி இருந்த இடத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. புற்றில்லை என்றும், உடைந்த பல் உறுத்தி வந்தது, பல்லைப் பிடுங்கினால் போதும் என்றும் விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காதில் விழுந்தது புரொபசர் முதலில் சொன்னது மட்டும்தான் என்று மறுநாள் தெரிந்தது. அவர் மனைவி வந்து நின்றார்.

"அஞ்சு பெத்தேன் டாக்டரம்மா. எனக்கு இப்படி ஒண்ணு வரல்லே. அவுகளுக்கு எப்படி வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாளுக்கு வரவில்லை. வீட்டில் புருஷன் படுத்தே கிடக்கிறாராம். மூட்டை தூக்கக்கூடாது என்கிறாராம், நார்த்தங்காய் ஊறுகாய் கேட்கிறாராம். கர்ப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று படம் போட்டே காட்டினேன். அந்த அம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு வெளங்குது. எப்போ சரியாகும்னு அவுக கேட்டாக. பத்து மாசம்னு சொல்லிட்டேன்."

ஏன் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் வீட்டில் சத்தமில்லாமல் இருக்கிறார் என்றார். அவர் வந்து கேட்டால் நானும் அதையே சொல்ல வேண்டுமாம். நல்லவேளை, மண்டிக்காரர் வந்து கேட்கவில்லை.

பல்லைப் பிடுங்கிய பிறகு கட்டி திரும்பவில்லை. பல மாதம் கழித்து ஒரு காலை அவர் வேட்டி சரசரக்க வந்து வாயைத் திறந்து காட்டினார். ஈறு சுத்தமாக இருந்தது. கொண்டுவந்த டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். புரொபசர் இரண்டு எடுத்துக்கொண்டு, ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்று விசாரித்தார்.