சீட் நோட்டு

ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் அந்த ஆபீசில் பத்தொன்பது பேர், கம்ப்யூட்டர் பன்னிரண்டு. எது காலியோ அதில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். இந்த அருமையான ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் மேனேஜர்; அதோடு தினமும் மாரடிப்பவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அக்கா. வயது முப்பத்தாறுதான். ரிட்டயர் ஆகப்போகிற டெஸ்பாட்ச்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மாதம் ஒருமுறை திரையில் ஒரு கேள்வி வரும்: பழைய மெயில்களை எடுத்து வைத்துவிடலாமா? படித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? ‘சரி’யை அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தார்களோ, அதற்குள்ளேயே பழைய மெயில் எல்லாம் போய்த் தங்கிவிடும். வேறெங்கும் இருக்காது. மறுநாள் வேறு சீட்டில் உட்கார்ந்து, “அக்கா, என் மெயிலக் காணோம்!” என்று ஒரே கூப்பாடு.

எல்லாவற்றையும் பொதுவாக ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று மேனேஜருக்கு மூன்று முறை மெயில் எழுதினாள். கிணற்றில் போட்ட கல்தான். கடைசியில் ஒரு நோட்டு வாங்கி, யார் என்றைக்கு எந்த சீட்டில் என்று பேனாவால் எழுத ஆரம்பித்தாள். “டீச்சர் வந்தாச்சு, எல்லாரும் ப்ரசென்ட் சொல்லுங்கப்பா” என்று ஆபீசே சிரித்தது.

அன்று காலை டெஸ்பாட்ச்காரர் வெளிறிப்போன முகத்தோடு வந்து நின்றார். மார்ச்சில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய முப்பது கட்டில்கள் வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தன.

“மேனேஜர்தான் அக்கா அட்ரஸ மாத்தி மெயில் போட்டாரு. இப்ப போடவே இல்லங்கறாரு. மூணு மணிக்கு விசாரணை. மெயிலக் காட்டலன்னா என் வேலை போச்சு.”

நோட்டைப் புரட்டினாள். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் அவர் ஏழாம் நம்பரை விட்டு நகரவே இல்லை. ஏழாம் நம்பரைப் போன மாதம்தான், மேனேஜர் சொன்னபடி, முழுதாக அழித்துப் புதிதாக்கியிருந்தாள்.

“அதுல ஏதாவது வேணும்னா ரெண்டு நாள்ல சொல்லுங்கன்னு எல்லாருக்கும் நோட்டீஸ் அனுப்பினேனே, படிச்சீங்களா?”

“எந்த நோட்டீஸ்?”

தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அழிக்கும் முன் தானாவது ஒருமுறை உள்ளே பார்த்திருக்கலாம். அந்த எரிச்சல்தான் அடங்கவே இல்லை.

இருந்தும் ஏப்ரல் பக்கங்களை மறுபடி படித்தாள். மேனேஜர் அறைக்குப் பெயிண்ட் அடித்த வாரம் ஒன்று அதில் இருந்தது. நான்கு நாள் அவர் ரிசப்ஷனில், இரண்டாம் நம்பரில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் அந்தக் கேள்வியைப் படித்திருக்கவா போகிறார்? ஓடிப்போய்த் திறந்தாள். அவர் அனுப்பிய பழைய மெயில் அத்தனையும் அங்கே இருந்தது. மாற்றிய அட்ரசும் இருந்தது.

மூன்று மணிக்கு அதைப் பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி படித்துவிட்டு, “நீங்க போகலாம்” என்றார் டெஸ்பாட்ச்காரரிடம். மேனேஜர் காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

“என் மெயிலத் திறக்க உங்களுக்கு யார் பர்மிஷன் குடுத்தது?”

நாலரைக்கு அவளுக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் மேலதிகாரியின் மெயிலைத் திறந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். படிக்கப் படிக்கக் கண் கரித்தது. விளக்கமா? தாராளமாகத் தரலாம். எல்லா மெயிலையும் பத்திரமாக ஓரிடத்தில் வைக்கச் சொல்லி அவருக்கு எழுதினாளே, அந்த மூன்றையும் சேர்த்து அனுப்பினால் போதும்.

அவள் மெயில் பெட்டியில் அவை இல்லை. ஏதோ ஒரு நாள், யாருடைய கம்ப்யூட்டரையோ ரிப்பேர் பார்த்த அவசரத்தில், அவளும் ‘சரி’யை அமுக்கியிருக்கிறாள்.

நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தாள். பதினெட்டுப் பேரும் தேதி வாரியாக இருந்தார்கள். அவள் பெயரை மட்டும் அவள் ஒரு நாள்கூட எழுதவில்லை.

நோட்டை மூடிவிட்டு, ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள்.