வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு

மார்ச் 12, புதன். நடை முடித்து, ஒன்பது மணிக்குக் கரமனை ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டேன். கியர் மாறும்போது கார் உதறுகிறது. எஞ்சின் ஆயில் மாற்றிய நாளெல்லாம் டைரியில் இருக்கிறது; ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் எட்டு வருடமாக மாற்றவே இல்லை.

நரைத்த மீசை மெக்கானிக், வடித்த ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, கண்ணை மூடி முகர்ந்தார். கியர்பாக்ஸே போயிற்றோ என்று பயந்தேன்.

“கரிஞ்ச மணம் இல்ல சாரே. பிழைச்சுக்கும்.”

“அப்போ முழுசா மாத்திருங்களேன்.”

“வேண்டாம், பாதி போதும். எட்டு வருஷம் பட்டினி போட்டுட்டு ஒரே நாள்ல ஓணசத்யா விருந்து போடவா? ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, மிச்சத்தைப் பார்க்கலாம். ராத்திரி காருக்கு அடியில ஒரு வெள்ளத் தாள் விரிச்சு வைங்க. சொட்டினா போன்ல விளிங்க.”

பாதி ஆயில் மாற்றித் திரும்பும்போது உதறல் குறைந்திருந்தது.

வியாழன் காலை முதல் வேலையாகத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. அந்த வெற்றுத் தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டினேன்.