மணியின் முதுகில் இருந்த சூடு

செல்லமுத்து இன்று காலை போய்விட்டார். நாமக்கல்லில் என் கால்நடை கிளினிக்கில் இருபது ஆண்டுகள் நாய்களைப் பிடித்துக்கொண்டு நின்ற உதவியாளர்.

செய்தி சொன்னவர் மோகனூர் நல்லம்மாள். "ஏனுங்க டாக்டரம்மா, எங்க மணியக் கீழ போட்டாருல்லீங்க, அவரு போயிட்டாராமுங்க."

போனை வைத்துவிட்டு இதை முகநூலில் எழுத உட்கார்ந்தேன்.

மணி நல்லம்மாளின் தோட்டத்து நாய். ஒருநாள் முதுகை வளைத்துக்கொண்டு வந்தது, தொட்டாலே கத்தியது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடனே முடிவுகட்டினேன்.

செல்லமுத்து கையை எடுக்கவில்லை. "அம்மா, முதுகு கொதிக்குதுங்க. போன மாசம் பன்னி குத்துன புண்ணு உள்ளயே சீக்கட்டியிருக்குமுங்க."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதானுங்க. நான் நாய் புடிக்கறவனுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தெர்மாமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டேன்... கிருமித்தொற்று இல்லை என்று உறுதிசெய்யாமல் அதைப் போட்டால் தொற்று பரவும் என்பது மாணவருக்கே தெரியும்.

ஐந்தாம் நாள் மணி பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு முதுகெலும்புகளின் ஓரத்தைச் சீழ் அரித்திருந்தது. படத்தை உறையில் போட்டு மூடினேன்.

"அன்னைக்கு நடந்துதானுங்களே வந்துச்சு?" என்றார் நல்லம்மாள்.

"மேசையிலிருந்து இறக்கும்போது கை நழுவிவிட்டது" என்றேன். யாருடைய கை என்று சொல்லவில்லை. செல்லமுத்துவைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"ஆமாங்க, என்ற கைதானுங்க" என்றார் அவர்.

மணியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியவில்லை. செல்லமுத்து தினமும் விடியலில் மோகனூருக்கு பஸ் ஏறிப் போய், அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றிவிட்டுத்தான் வேலைக்கு வந்தார். மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு மணி கோணலாக நடந்தது... நடந்தது.

ஏன் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று ஒரே ஒருமுறை கேட்டேன்.

"நாளைக்கு நாலு பேரு நாயத் தூக்கிக்கிட்டு உங்ககிட்டத்தான வரோணும். நாய் புடிக்கறவன நம்பலீன்னா என்னாவப் போவுதுங்க?"

நான் அடுத்த நாயைக் கூப்பிடச் சொன்னேன்.

நல்லம்மாளுக்கு முகநூல் கிடையாது. இதைப் பதிவிடுவதற்கு முன் அவரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

"தெனமும் வந்தாருங்க... ஒரு வாய் தண்ணி வேணுமான்னுகூட நாங் கேக்கலீங்களே" என்றார்.

செல்லமுத்து, நழுவியது உங்கள் கை அல்ல.

போய்வாருங்கள்.